அக்கா ஊரில் மணி ஆறரை

மார்ச் 16, ஞாயிறு
இங்கே இரவு ஏழு. அப்பா வீட்டில் மதியம் இரண்டு.

அக்காவுக்கு,

ஆறு நாளாக உன் எண்ணுக்கு அழைத்தால் ஒரு மணிகூட அடிக்காமல் துண்டாகிறது. நீ என்னை பிளாக் பண்ணிவிட்டாய் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. நான் கொஞ்சம் மந்தம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். இந்த மெயிலை அடைக்க மறந்துவிட்டாய் போலிருக்கிறது. தயவுசெய்து மறந்தபடியே இரு.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது என்று கீழ் வீட்டு டெய்லர் சொன்னார். தினமும் அவரைத்தான் தொந்தரவு செய்கிறேன். "நல்லா இருக்காருப்பா, உங்க அக்கா பக்கத்துலயே இருக்காங்க" என்று அதே ஒரு வரியைச் சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கப் போய்விடுகிறார். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அப்பா சாப்பிடுகிறாரா? காலை அசைக்கிறாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

நீ பிளாக் பண்ணியதிலேயே ஊகித்துவிட்டாய் என்று தெரிகிறது, ஆனாலும் நான் செய்ததை நானே சொல்லிவிடுகிறேன். டெய்லர் வழியாகக் கேட்பதைவிட என் வாயால் கேட்டுத் திட்டு.

அன்று திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். லென்ஸ் ஃபாக்டரி லாக்கர் அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். உன் செய்தி வந்தது: "அப்பா டிக் இன்னும் வரலடா. போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். நான் எப்படித் தூங்குறது?" எனக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. தூசி படக்கூடாத அறை, உள்ளே போனால் போன் லாக்கரில் கிடக்கும். அப்பாவை அழைத்தேன், எடுக்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். உன் ஊரில் அப்போது மாலை ஆறே முக்கால். நீ இரண்டு மணிக்கு எழுந்து பிரெட் அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டியவள். சரி, அக்கா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அப்பாவின் பெயரில் நம் போன் விளையாட்டுக்குள் நுழைந்து அன்றைய எண் கட்டத்தை நானே போட்டுவிட்டேன். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவனே நான்தானே, பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். பச்சை டிக் விழுந்தது. நீ தூங்கிவிட்டாய். நான் வேலைக்குப் போய்விட்டேன்.

அப்பா அப்போது குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை அக்கா. வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், ஆறு வாரம் ஆகும். இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இல்லையென்றால் அங்கே வந்து உன் காலடியில் கிடப்பேன்.

தம்பி


மார்ச் 17
காலை 6.10. உனக்கு 11.10. நீ உள்ளே இருப்பாய். மத்தியானம் படித்துக்கொள்.

தம்பிக்கு,

மெயிலை மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், இது ஆஸ்பத்திரி.

கேட்டதற்குப் பதில். இடுப்பு எலும்பு, வலது பக்கம். தகடு வைத்திருக்கிறார்கள். சாப்பிடுகிறார், பாதித் தட்டு. நேற்று நர்ஸ் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார். உன்னைக் கேட்டார். "சின்னவனுக்கு ஷிப்ட் மாத்திட்டாங்களா?" என்றார். தண்ணீர் டம்ளரை நீட்டினேன்.

இப்போது என் பக்கம் கேள். அம்மா போன பிறகு நீதான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாய். மூன்று பேரும் தினம் ஒரே கட்டம் போடுவது, முடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் டிக் விழுவது. உனக்கு அது விளையாட்டு. எனக்கு அது அப்பா மூச்சு விடுகிறார் என்ற சேதி. என் ஊரில் மாலை ஆறரைக்கு அந்த டிக்கைப் பார்த்துவிட்டு ஏழு மணிக்குப் படுப்பேன். ஐந்து வருஷம் அப்படித்தான் படுத்தேன். அன்றைக்கு மட்டும் அது பொய் டிக்.

நீ அதைப் போடாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? டெய்லரை அழைத்து எழுப்பியிருப்பேன். அவர் மாடியேறி இருப்பார். அப்பா கால் மணி நேரம் கிடந்திருப்பார். உன் புண்ணியத்தில் மத்தியானம் வரைக்கும் கிடந்தார், எட்டரை மணி நேரம், ஈரத் தரையில். டெய்லர் கதவை உடைத்தபோது அப்பாவுக்கு நாக்கு வறண்டு பேச்சே வரவில்லையாம்.

அக்கா நிம்மதியாகத் தூங்கட்டும் என்றாயே. தூங்கினேன்டா. நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி எழுதாதே. ஏதாவது ஆனால் நானே சொல்கிறேன்.


மார்ச் 18
இரவு எட்டு. அங்கே மதியம் மூன்று.

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். சின்ன வயதில் தொடாதே என்று நீ சொன்ன எதைத்தான் நான் தொடாமல் இருந்தேன்?

இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நான் உருப்பட மாட்டேன்.

ஒன்று. அன்று சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்து அப்பாவை மறுபடி அழைத்தேன். அங்கே காலை எட்டு. எடுக்கவில்லை. அப்போதே டெய்லரை அழைத்திருக்க வேண்டும். பயந்துதான் விட்டேன். அழைத்தால் விஷயம் உன் காதுக்கு வரும், "டிக் போட்ட மனுஷன் ஏன்டா போனை எடுக்கல?" என்று கேட்பாய், குட்டு உடையும். அப்பா குளிக்கிறார், குளிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையுறையை மாட்டினேன். சாயங்காலம் ஐந்துக்கு வெளியே வந்த பிறகுதான் டெய்லரை அழைத்தேன். நான் செய்த பெரிய தப்பு காலையில் செய்தது இல்லை. இதுதான்.

இரண்டு. அது முதல் தடவையும் இல்லை. இதற்கு முன்னால் மூன்று தடவை அப்பாவுக்காக டிக் போட்டிருக்கிறேன். மூன்று தடவையும் அப்பா தூங்கிப்போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, "எப்படிடா எனக்கு முன்னாடியே எனக்கு டிக் விழுந்திருக்கு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "அக்காகிட்ட சொல்லாத, பாவம் பயந்துடுவா" என்றார். நாங்கள் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள். நாலாவது தடவையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

உனக்குக் கோபம் இன்னும் ஏறும். ஏறட்டும். உண்மை இதுதான்.

தம்பி

பி.கு: என்னிடம் பழைய டிக் பட்டியல் முழுக்க இருக்கிறது. நேற்று உட்கார்ந்து பார்த்தேன். அந்த மூன்று தடவையும் மார்ச் மாதம்தான். மூன்று வெவ்வேறு வருஷம், ஆனால் எல்லாம் மார்ச் இரண்டாவது வாரம். ஏன் என்று தெரியவில்லை.


மார்ச் 22
காலை 9.40

தம்பிக்கு,

நாலு நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் உனக்கு எழுத நினைத்ததை இங்கே எழுதினால் கணினி தீப்பிடிக்கும்.

அப்புறம் எனக்கே ஒன்று ஞாபகம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு உன்னைத் திட்டினால் எனக்கு ருசிக்காது.

டிக்குக்குப் பக்கத்தில் எத்தனை நிமிஷத்தில் முடித்தார்கள் என்று போடும் இல்லையா? அன்றைக்கு அப்பா பெயருக்குப் பக்கத்தில் நாலு நிமிஷம் என்று இருந்தது. அப்பா எந்தக் கட்டத்தையும் இருபத்தைந்து நிமிஷத்துக்குக் குறைவாக முடித்ததே கிடையாது. கண்ணாடியைத் தேடவே அவருக்கு ஐந்து நிமிஷம் வேண்டும். நான் பார்த்தேன்டா. நாலு நிமிஷமா, பலே அப்பா என்று சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தேன். ஏதோ இடறியது. ஆனால் அலுப்பு. நம்பினால் தூங்கலாம் என்று இருந்தது, நம்பிவிட்டேன்.

நீ ஏற்கெனவே போட்டு முடித்த கட்டம், அதனால் நாலு நிமிஷம். இல்லையா?

இன்னொன்று. இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. அப்பா காலை ஒன்பது மணி வரை எழுந்திருப்பதே இல்லை. நர்ஸ் ஊசியோடு வந்து தோளைத் தட்டுகிறாள், உலுக்குகிறாள். இவர் அசைவதில்லை. "உங்க அப்பாவை எழுப்பறதுக்குள்ள எனக்கு ட்யூட்டியே முடிஞ்சுடும்மா" என்கிறாள். மருந்து மயக்கமா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிப்பட்ட மருந்தே இப்போது தரவில்லையாம். "நல்லா தூங்கறவர்போல, தூங்கட்டுமே" என்று போய்விட்டார்.

அப்பா விடியுமுன் எழுந்திருப்பவர் ஆயிற்றே. நாலரைக்கெல்லாம் கட்டம் போடுபவர். வயசானா தூக்கம் எங்கம்மா வருது என்று எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அக்கா


மார்ச் 22
இரவு எட்டரை

அக்காவுக்கு,

"அக்கா" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போன கடிதத்தில் அதுகூட இல்லை. அதை நாலு தடவை பார்த்துக்கொண்டேன்.

ஆமாம், பஸ்ஸில் வரும்போதே போட்டு முடித்த கட்டம். விடை கையில் இருந்தது.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று உதைத்தது. நம் அப்பா எப்போது காலையில் எழுந்தார்? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தபோது காலை ஷிப்ட்டே வேண்டாம் என்று எல்லார் காலிலும் விழுந்து மதிய ஷிப்ட் வாங்கியவர் இல்லையா? ஊருக்கெல்லாம் நிமிஷம் தவறாமல் பஸ் அனுப்பிவிட்டு, வீட்டில் இடி விழுந்தாலும் புரண்டு படுப்பார். அம்மா ஈரத் துணியை முகத்தில் போட்டுத்தான் எழுப்புவாள். "ஊருக்குத்தான் டைம் கீப்பர், எனக்குக் கும்பகர்ணன்" என்பாள். இதை எப்படி அக்கா நாம் இரண்டு பேரும் மறந்தோம்?

திரும்பவும் பட்டியலை எடுத்தேன். மூன்று பேர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அப்பாவின் டிக் வருஷத்தில் நாலு மாதம் அவருடைய நாலரைக்கு வருகிறது. மீதி எட்டு மாதம் மூன்றரைக்கு. எனக்கு ஒன்பதரை, அப்புறம் எட்டரை. வெயில் காலத்தில் புழுக்கம் தாங்காமல் சீக்கிரம் எழுகிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் நேரத்தில் மட்டும் அது மாறவே இல்லை. ஐந்து வருஷமும் ஆறரை.

உங்கள் ஊரில் வருஷம் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றி வைப்பார்களே, அது எந்த மாதம்?

தம்பி


மார்ச் 24
மாலை 5.15

டேய் வாலு,

மார்ச் இரண்டாவது ஞாயிறு. ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள்.

உன் கடிதத்தைப் படித்ததும் அப்பாவை நர்ஸிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலைச் சுற்றித் தேடினேன். தலைமாட்டில் ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியில் அம்மாவின் பெரிய பித்தளைக் குண்டான். அதற்குள் ஒரு அலாரம் கடிகாரம். வெளியே இருந்தால் அவருக்குக் காது கேட்காது, குண்டானுக்குள் வைத்தால் கோயில் மணி மாதிரி அதிரும். அலார முள் இரண்டு ஐம்பதில் நிற்கிறது. பக்கத்தில் இன்னொரு கடிகாரம், இரண்டு ஐம்பத்தைந்துக்கு. முதல் மணிக்கு எழமாட்டார் என்று அவருக்கே தெரியும்.

சுவர் நாட்காட்டியில் மார்ச் ஒன்பதாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பஸ் ஸ்டாண்டில் எழுதும் அதே குண்டு எழுத்தில்: "பெரியவள் ஊரில் மணி மாறுகிறது. நாளை முதல் 3.30." நவம்பர் பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் ஒரு வட்டம். "4.30. அப்பாடா."

அந்த அப்பாடாவைப் பார்த்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்டா.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அவரிடம் கேட்டேன். மறைக்கப் பார்த்தார்.

"வயசாச்சுல்ல, தூக்கம்..."

"ரெண்டு வாரமா ஒன்பது மணி வரைக்கும் குறட்டை விடறீங்க. யார்கிட்ட கதை விடறீங்க?"

சிரித்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீதானம்மா சொன்ன. அம்மா போனப்ப. டிக்கைப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராதுப்பா, ஏழு மணிக்குப் படுக்கணும்னு."

"அதுக்காக மூணு மணிக்கு முன்னாடியே எழுந்திருப்பீங்களா? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஸ்டாப்பில ஒருத்தி பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறா. டைம் கீப்பர் தூங்கினா எப்படி? கட்டம் போட்டதும் மறுபடி படுத்துக்குவேன். இந்த மார்ச்சுலதான் முதல் நாள் எழுந்திருக்க லேட்டாகிக் கொஞ்சம் தடுமாறும். இந்த வாட்டி ஸ்டூல் குறுக்கே வந்துடுச்சு. ஸ்டூல் மேலதான் தப்பு."

ஸ்டூல் மேல் தப்பாம். நான் உன் மேல் போட்டேன், நீ உன் மேல் போட்டுக்கொண்டாய், இவர் ஸ்டூல் மேல் போடுகிறார். நான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அழுதுகொண்டே சொன்ன ஒரு வாய்ச்சொல். சொன்னதே எனக்கு மறந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷம் இருட்டில் எழுந்திருக்கிறார்.

நீ செய்தது தப்பு. மத்தியானம் மறைத்தது அதைவிடத் தப்பு. அதை நான் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் உன்னைத் திட்டிய அத்தனை வார்த்தையிலும் பாதி என்னைச் சேர்ந்தது. எடுத்துக்கொள்கிறேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். நாளை நீ ஃபாக்டரியை விட்டு வந்ததும் கூப்பிடு. அப்பாவிடம் போனைக் கொடுக்கிறேன். அழாமல் பேசு. அழுதால் அவர் அதற்கும் யார் மேலாவது தப்பைத் தேடுவார்.

அக்கா


மார்ச் 26
இரவு ஒன்பது

அக்காவுக்கு,

நேற்று அழவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அழுதேன், வாயைப் பொத்திக்கொண்டு. அப்பா என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வரி. "சாப்பிட்டியா? ஷிப்ட் மாத்திட்டானா? கட்டத்துல உன்னைவிட நான்தான் முன்னாடி இருக்கேன், மறந்துடாத." அவ்வளவுதான். நான் செய்தது அவருக்குத் தெரியும் என்று நீ சொன்னாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் மாற்று.

அப்பா எப்போது தானாக எழுகிறாரோ அப்போதுதான் கட்டம். ஒன்பதானாலும் பத்தானாலும். அது எனக்கு மதியம் இரண்டு, மூன்று. என்னால் பார்க்க முடியாது. அதனால் டெய்லரிடம் பேசிவிட்டேன். எட்டு மணிக்குக் கடை திறக்குமுன் மாடியேறி, சாவி போட்டுத் திறந்து, அப்பா குறட்டை விடுவதைக் கேட்டுவிட்டு இறங்குவார். குறட்டை கேட்டதா என்று எனக்கு ஒரு வரி. ஷிப்ட் மேஸ்திரியிடம் முழுக் கதையும் சொன்னேன். மனிதர் கையில் இருந்த லென்ஸைக் கீழே வைத்தார். பிறகு ஒரு மணி இடைவேளையில் கால் மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நீ ஊருக்குத் திரும்பியதும் டிக்கைப் பார்க்காமலேயே படுக்க வேண்டியிருக்கும். இரண்டு மணிக்கு எழுந்த பிறகு பார்க்கலாம். உன்னால் முடியுமா?

அப்புறம் அப்பாவின் பாஸ்வேர்டை மாற்றிவிடு. புதியதை என்னிடம் சொல்லாதே. கெஞ்சினாலும் சொல்லாதே.

தம்பி


மே 5
விடியற்காலை 2.40, என் ஊர்

டேய் வாலு,

வந்து சேர்ந்துவிட்டேன். அடுப்பு சூடாக இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, மாவு மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பா குச்சியை ஊன்றி மாடிப்படி இறங்கி டெய்லர் கடை வரை போய் வந்ததை நீயும் வீடியோவில் பார்த்தாய். குண்டானைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டேன். இரண்டு அலாரமும் என் பெட்டியோடு இங்கே வந்துவிட்டன. கேட்டுப் பார்த்தார், கொடுக்கவில்லை. ஸ்டூலை டெய்லருக்குக் கொடுத்தாயிற்று, தண்டனையாக.

நேற்றுதான் முதல் நாள். ஆறரைக்குப் போனைப் பார்த்தேன், பழக்கம். டிக் இல்லை. இருக்காது என்று தெரியும். ஏழு மணிக்குப் படுத்தேன். எட்டு. ஒன்பது. எழுந்து தண்ணீர் குடித்தேன். உன்னை அழைக்கலாமா என்று தோன்றியது, நீ உள்ளே இருப்பாய். டெய்லரை எழுப்பலாமா என்று எண்ணைக்கூட எடுத்துவிட்டேன், அங்கே அப்போது காலை ஆறு. போனைத் தலையணைக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். பதினொன்றுக்கு உன் செய்தி வந்தது, "குறட்டை கேட்டதாம்." அப்பவும் தூக்கம் வரவில்லை. பேசாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பன்னிரண்டு பன்னிரண்டுக்குத் திரை வெளிச்சமானது. அப்பா, டிக், முப்பத்தோரு நிமிஷம். கூடவே ஒரு செய்தி: "இப்பதாம்மா எழுந்தேன், ஒன்பதேகாலுக்குக் கட்டம் முடிச்சேன்னா நீயே பாரு. என்ன தூக்கம் போ. நீ நல்லா தூங்கினியா?"

இப்போதுதான் எழுந்தவர் அரை மணி நேரக் கட்டத்தை எப்படி முடித்தார் என்று அவரிடம் கேட்காதே. எட்டரைக்கே எழுந்திருப்பார். தூங்கியதைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்கிறார், எனக்காக.

பதில் போட விரல் போய்விட்டது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டேன். அவர் டைம் கீப்பர். பன்னிரண்டரைக்கு என் பதில் போனால் நான் விழித்திருந்தேன் என்று உடனே கணக்குப் போட்டுவிடுவார். செயலியைத் திறந்தாலே பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரியும். அதனால் திறக்காமல், பூட்டிய திரையிலேயே அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். இரண்டு மணி ஆகும் வரை படுத்திருந்தேன். இரண்டு ஐந்துக்கு அனுப்பினேன்: "நல்லா தூங்கினேன்ப்பா."

நீ மட்டும் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடாதே.

அக்கா